வெப் சீரிஸ் எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

இரண்டு வருடமாக மதுரை, மேலூர், உசிலம்பட்டி பக்கத்துப் பிள்ளைகள் எழுதிய வெப் சீரிஸ் ஸ்கிரிப்டுகளை வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவர்களுக்குக் கதையில் குறைவே இல்லை. விழுகிற இடங்கள்தான் திரும்பத் திரும்ப அதே இடங்களாக இருக்கின்றன.

சினிமாவுக்காக எழுதி, தயாரிப்பாளர் கிடைக்காமல் பீரோவில் கிடந்த கதையை எடுத்து எட்டாக வெட்டிவிடுகிறார்கள். இரண்டரை மணி நேரக் கதைக்கு ஓர் இடைவேளை போதும், ஆனால் எட்டு எபிசோடுக்கு எட்டுத் தொடக்கம், எட்டு முடிவு வேண்டும். இல்லாவிட்டால் நாலாவது, அஞ்சாவது எபிசோடில் ஹீரோ காரில் போய்க்கொண்டே இருப்பார், நடுவில் ஒரு பிளாஷ்பேக் வரும், அவ்வளவுதான். 2023-ல் வந்த 'அயலி'யைப் பாருங்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு உடனே கல்யாணம் செய்துவிடுகிற ஊரில், டாக்டருக்குப் படிக்க நினைக்கும் தமிழ்ச்செல்வி தான் வயதுக்கு வந்ததை மறைக்கிறாள். மறைத்துவிட்டால் போதும், தினமும் யாரிடமிருந்தாவது தப்பிக்க வேண்டியிருக்கிறது, எட்டு எபிசோடுக்கும் எரிபொருள் அங்கேயே கிடைத்துவிடுகிறது. 2022-ல் வந்த 'சுழல்' மயானக் கொள்ளைத் திருவிழாவை முதுகெலும்பாக வைத்துக்கொண்டது, திருவிழா நகர நகர விசாரணையும் நகரும். உங்கள் கதைக்குள் இப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் எழுத உட்காருங்கள்.

அடுத்தது, மெகா சீரியல் பழக்கம். என் அம்மா சீரியல் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்: கை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும், கண் பாதி நேரம் டிவியில் இருக்காது, காதுதான் கதையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று தரம் சொல்கிறார்கள். நேற்று பார்க்காமல் விட்டவருக்கும், விளம்பர நேரத்தில் அடுப்படிக்குப் போய்விட்டு வந்தவருக்கும் புரிய வேண்டுமே, அந்த வடிவத்துக்கு அது தேவை. ஆனால் ஓடிடியில், முந்தின எபிசோடை முடித்த கையோடு அடுத்ததைப் பார்க்கிற ஆளுக்கு அதையே திரும்பச் சொன்னால் எரிச்சல்தான் வரும்.

எபிசோட் முடிவில் பொய்யான அதிர்ச்சி வைக்கவே வைக்காதீர்கள். கழுத்துக்கு நேரே கத்தி வருகிறது, கட் பண்ணுகிறோம், அடுத்ததில் பார்த்தால் கனவு! நடுவில் ஒரு நாளோ ஒரு வாரமோ இடைவெளி இருந்த காலத்தில் அந்தக் கோபம் ஆறிவிடும். 2013-ல் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' முதல் சீசனின் 13 எபிசோடையும் ஒரே நாளில் வெளியிட்டபோதே அந்த இடைவெளி காணாமல் போய்விட்டது. இப்போது அடுத்த எபிசோட் சில நொடிகளில் தானாக ஓட ஆரம்பிக்கிறது, ஏமாற்று அங்கேயே பிடிபடும். வாரம் ஒன்றாக விடுகிற தொடர்களும் இருக்கின்றன, சரி, ஆனால் அவற்றையும் பின்னால் மொத்தமாக உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்களே.

எனக்கு மனசு வலிக்கிற தவறு ஒன்று உண்டு. மதுரைக் கதை என்றதும் கோபுரத்துக்கு மேல் டிரோன், கையில் அருவா, வாயில் ஜிகர்தண்டா. இந்த ஊரில் பிறந்தவர்களே இப்படி எழுதுகிறார்கள். ஒரு தம்பி கொண்டுவந்த ஸ்கிரிப்டில் நாயகியின் அம்மா பூக்காரி, சிம்மக்கல்லில் கடை. காட்சியில் 'பூக்கடை, பகல்' என்று மட்டும் போட்டு, கடன் கஷ்டத்தை ஒன்றரைப் பக்க வசனமாக எழுதியிருந்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய் நில், அப்புறம் ஒரு நாள் முழுக்கப் பூக்கடைப் பக்கத்தில் உட்கார் என்றேன். போனான், உட்கார்ந்தான், வசனம் மொத்தத்தையும் அடித்துவிட்டு வந்தான்.

இப்போது முதல் எபிசோடில் அந்த அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முழங்கையை நன்றாக நீட்டி மல்லி அளந்து, மேலே ரெண்டு கண்ணி சேர்த்துக் கொடுக்கிறாள். நாலாவதில் வட்டிக்காரன் வந்து போன பிறகு, அவள் அளக்கும்போது விரல்கள் லேசாக மடங்குகின்றன, முழம் குறைகிறது. தினமும் வாங்குகிற கிழவி ஒன்றும் சொல்லாமல், நாலு எட்டு தள்ளிப் போய் நின்று தன் கையில் அந்தப் பூவை ஒரு தரம் அளந்து பார்க்கிறாள். எபிசோட் அங்கே முடிகிறது.