டின் சூடேற்றியில் வற்றல் ஏன் காய்வதில்லை: மொட்டைமாடிக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

மதுரை வெயிலில் காற்றைச் சூடாக்க ஒரு பெட்டி எதற்கு என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். வீட்டுக்குள் அனல் போதவில்லை என்று இங்கே யாரும் தவிக்கவில்லை. ஆனால் கொத்தவரை வற்றல், மோர்மிளகாய், சுண்டைக்காய், முருங்கையிலை என்று காயப்போடுகிறவர்களுக்குத் தூசியும் காக்கையும் கோடைமழையும் தொடாத 50 டிகிரி காற்று கிடைத்தால் லாபம். காலி குளிர்பான டின், இடித்த வீட்டு ஜன்னல் கண்ணாடி, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஆகியவற்றை வைத்தே அதைச் செய்துவிடலாம். மரப்பெட்டிக்குள், டின்களை ஒன்றோடொன்று நீளவாக்கில் ஒட்டிக் கறுப்படித்த குழாய்கள், மேலே கண்ணாடி. கீழ்முனையில் நுழையும் காற்று சூடாகி மேல்முனை வழியாக உலர்த்தும் அலமாரிக்குப் போகும்.

இந்த வடிவம் குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்குவதற்காக வந்தது. அதை அப்படியே நகலெடுப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன. அங்கே சூட்டுக்குத் திண்டாட்டம். இங்கே சூடு தானாக வரும், மெனக்கெட வேண்டியது காற்றோட்டத்துக்கு.

முதலில் சாய்வு. வெளிநாட்டுப் படங்களில் பெட்டியைச் சுவரோடு நிமிர்த்தியோ 50, 60 டிகிரி சாய்த்தோ வைத்திருப்பார்கள். அங்கே குளிர்காலச் சூரியன் தாழ்வாக வருவதால் அது சரி. மதுரை இருப்பது 10 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி. சித்திரை பிறக்கிற சமயத்தில் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். பகல் 12.17 மணி சுமாருக்கு நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அதன்பிறகு ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கிறது. வற்றல் போடும் மாதங்களில் தெற்குப் பார்த்து 50 டிகிரி சாய்த்துவைத்தால் கண்ணாடியில் விழவேண்டிய வெயிலில் நல்ல பங்கு வழுக்கிப் போய்விடும். வருஷம் முழுக்க ஒரே நிலையில் வைக்க 10 முதல் 15 டிகிரி தெற்குச் சாய்வு போதும். 1.4 மீட்டர் நீளப் பெட்டிக்கு மேல்முனை கீழ்முனையைவிட ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் 12 டிகிரி வந்துவிடும். கொடைக்கானலில் மார்கழிக் குளிருக்கு அறையைச் சூடாக்குவதென்றால் கணக்கு வேறு. அங்கே 35 டிகிரிவரை போகலாம்.

சாய்வு குறைந்தால் இன்னொன்றும் மாறும். சூடான காற்று தானாக மேலே ஏறிப் பெட்டியை ஓட்டும் என்ற நம்பிக்கை, நிமிர்ந்த பெட்டிக்குத்தான் பொருந்தும். 30 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் இழுப்பு மிகச் சொற்பம். ஆகவே மதுரையில் ஃபேன் இல்லாத பெட்டி பெரும்பாலும் அனலை அடைத்துவைத்த பெட்டியாகவே நிற்கும்.

இனி காற்று. இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளிவாயில் கையை வைத்துப் பார்த்து, சுடச்சுட வருகிறது, 80 டிகிரி என்று சந்தோஷப்படுவது தப்பு. அவ்வளவு சூடாக வருகிறது என்றால் காற்று போதாமல் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே சூடு ஏற ஏற, கண்ணாடி வழியாக வெளியே கசியும் சூடும் ஏறும். கிடைத்த வெயிலில் பாதிக்குமேல் வீணாகும். ஒரு கணக்கு: 8 வரிசை, வரிசைக்கு 12 டின், ஆக 96 டின். பரப்பு சுமார் முக்கால் சதுர மீட்டர். நல்ல நண்பகலில் இதிலிருந்து காற்றுக்குச் சேர்வது 300 முதல் 350 வாட். நிமிஷத்துக்கு ஒரு கனமீட்டர் காற்று போனால் வெப்பம் 16 முதல் 18 டிகிரி உயரும். வெளியே 36 என்றால் அலமாரிக்குள் 52, 54. மிளகாய்க்கும் காய்கறி வற்றலுக்கும் வேண்டியது இதுதான். 75 டிகிரியில் காய்ந்தால் மேல்தோல் இறுகிப்போய் உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். டப்பாவில் போட்ட பத்தாம் நாள் பூசணம் பிடிக்கும். முருங்கையிலைக்கு 50-ஐத் தாண்டவே வேண்டாம், நேர் வெயிலும் படக்கூடாது.

காற்று எவ்வளவு வருகிறது என்று அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. 100 லிட்டர் குப்பைப் பையின் வாயை வெளிவாயில் பொருத்தி நேரம் பாருங்கள். 6 விநாடியில் உப்பினால் நிமிஷத்துக்கு ஒரு கனமீட்டர். 15 விநாடி ஆனால் எங்கேயோ அடைப்பு.

அடைப்பு பெரும்பாலும் டின்னுக்குள்ளேதான். அடிப்பாகத்தில் ஆணியால் நாலு ஓட்டை குத்திவிட்டு ஒட்டிவிடுகிறார்கள். மேல்பக்கத்தை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும், அடியில் குறைந்தது 3 சென்டிமீட்டர் துளை வேண்டும். வெட்டிய விளிம்பு பிளேடுபோல் இருக்கும், தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அடுத்தது, காற்று நுழையும் வாயையும் வெளியேறும் வாயையும் ஒரே பக்கத்து மூலையில் வைப்பது. அந்தப் பக்கத்து இரண்டு மூன்று வரிசையிலேயே காற்று ஓடிவிடும், மற்ற வரிசைகள் சும்மா காயும். கீழே இடது மூலை என்றால் மேலே வலது மூலை. ஒட்டி முடித்ததும் கண்ணாடி போடுவதற்கு முன் ஃபேனை ஓட்டி, இணைப்பு ஒவ்வொன்றின் அருகிலும் ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள். புகை கலைந்து ஓடுகிற இடத்தில் கசிவு.

ஃபேனை வெளிவாயில் மாட்டாதீர்கள். சூட்டில் பேரிங் சீக்கிரம் போய்விடும். குளிர்ந்த காற்று நுழையும் பக்கத்தில், முன்னால் கம்பிவலை வைத்து மாட்டுங்கள். 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் ஃபேன் பொருத்தம். அடாப்டரில் ஓட்டினால் நட்டநடுப் பகலில் மின்சாரம் போகும்போது ஃபேன் நிற்கும், பெட்டிக்குள் 100 டிகிரி தாண்டிவிடும். 10 வாட் சோலார் பேனலில் ஓட்டுவது நல்லது. வெயில் ஏறினால் வேகமும் ஏறும், மேகம் வந்தால் குறையும். ஆனால் பேனலை நேரடியாக இணைக்கக்கூடாது. 12 வோல்ட் பேனல் என்று சொன்னாலும் வெயிலில் 17, 18 வோல்ட் தரும், பளு இல்லாதபோது 21 வரை போகும். நடுவில் 12 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் சிறு சர்க்யூட் போர்டு ஒன்று போடுங்கள்.

ஃபேன் நின்ற பெட்டியின் அந்த 100 டிகிரியை மனதில் வைத்துத்தான் பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலை டின்னுக்குப் பின்னால் அடைக்கிறார்கள். ஒரு சித்திரை தாங்காது. சுருங்கி உருகி வாடை அடிக்கும், அந்த வாடை வற்றலில் ஏறும். நன்றாகக் காய்ந்த தென்னை நாரை 5 சென்டிமீட்டர் கனத்துக்கு அடைத்து, மேலே தகடு வைத்து மூடினால் போதும். கிளாஸ்வுல் போட்டால் அதன் தூசு காற்றுப் பாதைக்கு வராதபடி முழுக்க மூட வேண்டும்.

கண்ணாடிக்குப் பதில் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கை வெட்டித் தைப்பதும் வீண் வேலை, 70, 80 டிகிரியில் அது குழைந்து தொங்கும். 4 மில்லிமீட்டர் சாதாரண ஜன்னல் கண்ணாடி போதும், நிறம் பூசியதோ சன்ஃபிலிம் ஒட்டியதோ வேண்டாம். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் இடம் விட்டுப் பொருத்துங்கள். எம்சீல் வைத்து இறுக்கினால் வெயிலில் விரியும்போது மூலையில் கீறல் விழும். உச்சிவெயிலில் பெட்டியைக் கழுவவும் கூடாது, சூடான கண்ணாடி பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

பெயின்ட் பளபளப்பில்லாத கறுப்பாக இருக்க வேண்டும். பைக் சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் பெயின்ட் சரியானது. டின்னை உப்புத்தாளால் தேய்க்காமல் அடித்தால் ஒரே மாதத்தில் உரிந்துவிடும். பெயின்டும் டின்களை ஒட்டிய சிலிக்கான் பசையும் ஆறிய பிறகு, மூன்று முழு வெயில் நாள் பெட்டியை வெறுமனே ஓட்டுங்கள். வெளிவாயில் முகர்ந்தால் எந்த வாடையும் வராத நாளில்தான் தட்டு உள்ளே போக வேண்டும். சாப்பாட்டுப் பொருள் என்பதால் இதில் சமாதானமே கிடையாது. பழைய பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டின், ஆஸ்பெஸ்டாஸ் துண்டு எதையும் பெட்டிக்குள் சேர்க்காதீர்கள். பேக்கிங் கட்டையில் எச்.டி. (HT) என்று முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் நச்சுப்புகை போட்டது, விட்டுவிடுங்கள்.

காலி டின் ஒன்று 13 முதல் 15 கிராம். 96 டின் என்பது ஒன்றரைக் கிலோகூட வராது. பழைய இரும்புக் கடையில் மிதித்து நசுக்கித்தான் வைத்திருப்பார்கள், நசுக்காமல் எடுத்துவைக்க முன்கூட்டியே சொல்லுங்கள். ஒல்லி டின்னையும் குண்டு டின்னையும் கலந்தால் இணைப்பு உட்காராது. உண்மையைச் சொன்னால் டின்தான் வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. கறுப்படித்த உலோகக் கொசுவலையை இரண்டு அடுக்காகச் சாய்வாகக் கட்டி, அதற்குள் காற்றை விட்டால் வேலையும் குறைவு, பலனும் குறையாது. டின் வரிசை பார்க்க அழகு, அவ்வளவுதான்.

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் கடைசியில் தட்டை நிரப்பும்போது கோட்டைவிடுகிறார்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பம் வேண்டும். இந்தப் பெட்டி ஒரு நாளில் நடைமுறையில் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ தண்ணீரைத்தான் எடுக்கும். இரண்டு கிலோ கொத்தவரையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அதுவே ஒரு நாளைத் தாண்டும். ஐந்து கிலோ பழமிளகாயைத் திணித்தால் சாயங்காலம் வெதுவெதுப்பாக, ஈரமாக, பூசணத்துக்குத் தொட்டில் கட்டியதுபோல் இருக்கும். அலமாரியின் மேலே ஈரக்காற்று வெளியேறும் வழி, உள்ளே வரும் வாயைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. தட்டுகளுக்கு இடையே நாலு விரற்கடை இடைவெளி வேண்டும். கீழ்த்தட்டு முதலில் காயும், மதியம் ஒருமுறை மேலும் கீழும் மாற்றுங்கள்.

ஆடிக்காற்றுக்குக் கண்ணாடியோடு 20 கிலோ கனம் ஒன்றுமில்லை. கைப்பிடிச் சுவர்மேல் சாய்த்துவைக்காமல், தளத்திலேயே செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். வெயில் சாய்ந்ததும் இரண்டு வாயையும் மூடிவிட வேண்டும். திறந்தே கிடந்தால் இரவுக் காற்றின் ஈரத்தைப் பாதி காய்ந்த வற்றல் திரும்பக் குடித்துவிடும். மறுநாள் காலை பெட்டி தொட்டால் சுடுகிற அளவு வந்தபிறகு திறந்தால் போதும்.