வீட்டில் ஈயம் எங்கே ஒளிந்திருக்கிறது?

புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பக்கம் பெயிண்ட் வேலை செய்கிறேன். தவழும் குழந்தை இருக்கும் வீடென்றால் முதலில் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்ப்பேன். சட்டமும் கதவும் உரசும் இடத்தில்தான் பழைய பெயிண்ட் தூளாகி உதிரும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த மஞ்சள், சிவப்பு எனாமல் என்றால் சந்தேகப்படுங்கள். இங்கே உப்புக்காற்றில் கிரில் கம்பியும் சீக்கிரம் உரியும். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள், எந்த மேஸ்திரி சொன்னாலும் சரி. நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெருக்கினால் தூசி பறக்கும்.

அப்புறம் சமையலறை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு சுத்த வெள்ளீயமாக (டின் என்ற வேறு உலோகம்) இருந்தால் சரி. காரீயம், அதாவது நாம் பேசும் இந்த ஈயம், கலந்திருந்தால் புளிப்பில் இறங்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள்தூளும் வேண்டாம், நிறத்துக்காக ஈயச்சாயம் கலந்திருக்கலாம்.

குப்பத்து வீடுகளில் வலைக்கு ஈயக்குண்டு உருக்கினால் சமையல் அடுப்பில் வைக்காதீர்கள். உருக்கியவர் அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்கவும் கூடாது.

சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ வந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.