அடுப்படியில் ஒரு பிடி அரிசி

ஞாயிறு ஆராதனையில் கேட்டது திங்கட்கிழமை சமையலறை வரை வருவதில்லை என்று வருந்துகிறவர்களுக்கு, மிசோரம் பிரஸ்பிட்டீரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ‘புஹ்ஃபாய் தாம்’ என்ற பெயரில் கடைப்பிடித்துவரும் பிடியரிசி வழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும், வீட்டுக்கான அரிசியை அளப்பதற்கு முன்பே, ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். மீந்ததைக் கொடுப்பதற்கும் முதலில் எடுத்து வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கை தானாகவே கற்றுக்கொள்கிறது. பிடிக்கு 50 கிராம் என்று கொண்டால், நாளுக்கு இருவேளை சமைக்கும் வீட்டில் மாதத்துக்கு ஏறத்தாழ 3 கிலோ சேரும்.

டப்பாவை அரிசிப் பானைக்கு அருகிலேயே வையுங்கள். கண்ணில் படாவிட்டால் மறந்துவிடும் என்பது என் அனுபவம். வண்டு வராதிருக்க இரண்டு காய்ந்த மிளகாயைப் போட்டு, மாதக் கடைசியில் சபைக்கோ, மதம் பார்க்காமல் தேவையுள்ள அண்டை வீட்டாருக்கோ கொடுத்துவிடலாம். வலது கை செய்வதை இடது கை அறியலாகாது என்னும் மத்தேயு 6:3-ஐ நினைத்து, கொடுப்பதைப் படமெடுத்துப் பகிராமல் இருங்கள். பிடி போடும் அந்த ஒரு நொடியில் யாராவது ஒருவருக்காக ஜெபிப்பது என் வழக்கம். பிள்ளைகளிடம் அந்த வேலையை விட்டால் அவர்கள் பிடி சிறியதாயினும் பட்டியல் நீளமாக இருக்கிறது.