பனை தெரியும், பனி? நெல்லையிலிருந்து முதல் ஸ்கீயிங்

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் சைக்கிள் மிதித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருகிற கூட்டம் எங்களுடையது. ஓட்டக்காரர்கள் இரண்டு பேர், மலை ஏறுகிறவர்கள் மூன்று பேர், மிச்சப் பேர் வடைக்காக வருகிறவர்கள். போன குளிர்காலத்தில் நான் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போய், காலில் ஸ்கீ என்கிற நீளப் பட்டைகளை மாட்டி, கையில் கோல் பிடித்துப் பனியில் சறுக்குகிற ஸ்கீயிங்கை ஐந்து நாள் பழகிவிட்டு வந்ததிலிருந்து பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கிறது. கிளம்பும்போது கூட்டத்தில் மூத்த அண்ணாச்சி, "பனை ஏறவே பயப்படுதவன் பனியில சறுக்கப் போறானாம்" என்று சிரித்தார். வந்த பிறகு அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாம் சரிடே, அதை எப்படி நிப்பாட்டுத?" என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி. சறுக்குவதற்குப் பெரிய வித்தை வேண்டாம், சரிவில் நின்றால் தானாகவே நடக்கும். நிறுத்தத்தான் படிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் மொத்தத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன். நான் வல்லுநன் இல்லை. எத்தனை தடவை விழுந்தேன் என்று எண்ணுவதை இரண்டாம் நாளே விட்டுவிட்டேன்.

1. ஊரிலேயே ஆறு வாரம்

தொடைதான் முதலில் போகும். முழங்காலை மடக்கியபடியே மணிக்கணக்கில் நிற்கிற விளையாட்டு இது. அதனால் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நில்லுங்கள். முதல் நாள் முப்பது விநாடி வரும், ஆறு வாரத்தில் இரண்டு நிமிடத்துக்குக் கொண்டு வாருங்கள். மாடிப்படி ஏறுவதை விட இறங்குவது முக்கியம். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்கலாம், வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

எங்களுக்கு உதவிய இன்னொன்று தேரிக்காடு. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் போனால் செம்மண் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். அந்த மணலில் வெறுங்காலோடு பக்கவாட்டில், நண்டு மாதிரி, ஒவ்வொரு காலாக வைத்து மேலே ஏறிப் பாருங்கள். ஸ்கீயை மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் ஏறுவதும் அச்சாக இதேதான். சின்ன வயதில் பனைமட்டையில் உட்கார்ந்து சறுக்கியவர்கள் இன்னொரு விஷயத்தையும் நினைத்துப் பாருங்கள். பின்னால் சாய்ந்தால் மட்டை நம் பேச்சைக் கேட்காது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

2. எங்கே, எப்போது, எப்படி

ஜனவரி, பிப்ரவரிதான் நம்பகமான மாதங்கள். குல்மார்க் கிட்டத்தட்ட 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் பொதிகையின் அகத்தியர் மலை உச்சியே 1,868 மீட்டர்தான் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். போனதும் குதிக்காமல் முதல் நாள் சும்மா நடந்து, நிறையத் தண்ணீர் குடித்து, உடம்பைப் பழக்க வேண்டும். தலைவலியும் குமட்டலும் வந்தால் வீரம் காட்டாமல் ஓய்வெடுங்கள், கூடினால் கீழே இறங்கிவிடுங்கள். உத்தரகண்டில் ஔலியும் நல்ல இடம்தான், அங்கேயும் வாரக் கணக்கில் பயிற்சி உண்டு. ஆனால் 2023-ல் ஜோஷிமட்டில் நிலம் இறங்கிய பிறகு கீழேயிருந்து போகிற ரோப்காரை நிறுத்திவிட்டார்கள், ரோடு வழிதான்.

திருநெல்வேலியிலிருந்து ஜம்மு பக்கம் இருக்கும் கத்ராவுக்கு நேராகவே ஒரு ரயில் உண்டு. தினமும் கிடையாது, மூன்று நாள் ஓட்டம், புளியோதரை இரண்டாம் நாள் மதியம் வரைதான் தாங்கும். கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, செனாப் பாலத்தின் மேலே 359 மீட்டர் உயரத்தில் போகும்போது பெட்டியில் எல்லோரும் ஒரே பக்கம் வந்து நிற்பார்கள். ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வழியாக ஐம்பது கிலோமீட்டர் அளவுதான், பனி பெய்திருந்தால் தங்மார்க்கில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். ஒன்றை மறக்காதீர்கள், வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் வைத்திருக்கும் ஒருவரையாவது கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. துணி

பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உடம்போடு ஒட்டிக்கொள்ளும், நின்றதும் நடுங்குவீர்கள். உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். கையுறை நல்லதாக வாங்குங்கள். ஹெல்மெட்டும் காகிள்ஸும் வாடகைக்குக் கிடைக்கும்.

சன்ஸ்கிரீன் பற்றிச் சொன்னால் நம் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. வெயிலில் பிறந்து வளர்ந்தவனுக்கு எதுக்குக் களிம்பு என்று போய்விட்டேன். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், உயரம் போகப் போகக் கதிரும் கூடும். வெயில் கீழேயிருந்தும் அடிக்கிறது என்று சாயங்காலம்தான் தெரிந்தது. தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் தோல் உரிந்துவிட்டது.

4. பூட்ஸ்

இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வாடகைக் கடையில் அவசரப்படுத்துவார்கள், அசையாதீர்கள். ஒரே ஒரு சாக்ஸ்தான், குளிருமே என்று இரண்டு போட்டால் கால் மடிப்பில் நசுங்கி ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள், கொக்கிகளை லேசாக மாட்டுங்கள், முழங்காலை முன்னால் மடக்கிப் பாருங்கள், அப்புறம் கணுக்கால் கொக்கியை இறுக்குங்கள். நேராக நின்றால் விரல் முன்பக்கம் உரச வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். முன்கால் எலும்பு பூட்ஸின் முன்னாக்கில் முழுக்கப் பதிய வேண்டும். குதிகால் தூக்கினால் அந்த ஜோடி உங்களுக்கு இல்லை. நான் முதல் நாள் ஒரு சைஸ் பெரியதை வாங்கி மாட்டிக்கொண்டு, இடது பக்கம் திரும்பச் சொன்னால் கால் திரும்பி பூட்ஸ் அங்கேயே நின்றது.

ஸ்கீயின் நீளம் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே இருந்தால் போதும். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற பூட்டான பைண்டிங்கை உங்கள் எடைக்குத் தக்கபடி வைக்கச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ கழன்று விழ வேண்டும், கழலாவிட்டால் முழங்கால்தான் முறுக்கும்.

5. ஆசிரியர்

குல்மார்க்கில் இறங்கியதும் "ஒரு மணி நேரத்தில் கற்றுத்தருகிறேன்" என்று வருகிறவர்கள் நிறைய. ஒருவரை நம்பிப் போனோம். மேட்டிலிருந்து தள்ளிவிட்டு ஓடி வந்து பிடித்தார், அவ்வளவுதான் பாடம். மறுநாள் சரியான பயிற்சியாளரைப் பிடித்தோம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனமும் குல்மார்க்கிலேயே இருக்கிறது, இரண்டு வாரம் லீவு கிடைக்கிறவர்கள் அங்கே முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

6. விழுவதும் எழுவதும்

சமதளத்தில் முதலில் ஒரு ஸ்கீயை மட்டும் மாட்டி நடங்கள். பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைக் கோலால் தட்டிவிட்டு, முன்னங்காலை நுழைத்து, குதிகாலை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும். சத்தம் வராவிட்டால் மாட்டவில்லை.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் தடுக்கப் பார்க்காதீர்கள். மேட்டுப் பக்கம், இடுப்பின் ஓரத்தில் உட்காருகிற மாதிரி விழுந்துவிடுங்கள். கையை ஊன்றினால் கோல் கட்டைவிரலைப் பிடுங்கும். எழும்போது இரண்டு ஸ்கீயும் உங்களுக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். சரிவைப் பார்த்து இருந்தால் எழுந்த வேகத்திலேயே ஓட ஆரம்பித்துவிடும். எழ முடியாவிட்டால் மேல்பக்கத்து ஸ்கீயைக் கழற்றிவிட்டு எழுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. அண்ணாச்சியின் கேள்வி

இனிதான் நிறுத்துவது. இரண்டு ஸ்கீயின் முன்நுனிகளையும் ஒன்றுக்கொன்று கிட்டக் கொண்டு வாருங்கள், தொடக்கூடாது. பின்பக்கத்தை விரியுங்கள். பயிற்சியாளர்கள் இதைப் பீட்ஸா என்பார்கள். எனக்கு ஓட்டு வீட்டு முகடு என்றால்தான் சட்டென்று விளங்கியது. குதிகாலை வெளியே தள்ளி, இரண்டு பெருவிரல் பக்கத்து விளிம்பும் பனியைச் சுரண்டும்படி அழுத்தினால் வேகம் குறையும். முகட்டை இன்னும் அகலமாக்கினால் நின்றுவிடும். மெல்லிய சரிவில் பத்தடி போவது, நிறுத்துவது, பத்தடி போவது, நிறுத்துவது. முதல் நாள் முழுக்க இது மட்டும்தான்.

இப்போது பனைமட்டைக்கு வருகிறேன். வேகம் கூடியதும் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்த உடனே ஸ்கீயின் முன்பாகத்தில் எடை இல்லாமல் போய், திருப்பினாலும் திரும்பாது, நிறுத்தினாலும் நிற்காது. பயப்படும்போதுதான் முன்னால் சாய வேண்டும், முன்கால் பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மனசு ஒப்பவே ஒப்பாது. எனக்கு மூன்றாம் நாள் மதியம்தான் ஒப்பியது. கையை சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி முன்னால் வைத்துக்கொண்டால் உடம்பும் கூட வரும். இந்த ஒரு இடத்தில் எங்கள் சைக்கிள் கூட்டம் பிழைத்தது.

திரும்புவது இதற்குப் பிறகு சுலபம். முகட்டு வடிவத்திலேயே இடது காலை அழுத்தினால் வலது பக்கம் போகும், வலது காலை அழுத்தினால் இடது பக்கம். காலைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். சரிவு செங்குத்தாகிவிட்டால் முகடு தாங்காது, அப்போது சரிவுக்குக் குறுக்கே திரும்பிக் கொஞ்சம் மேட்டுப் பக்கம் ஏறினால் தானாக நிற்கும்.

8. மேலே போகலாமா?

கோண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வாட் மலைப் பக்கம் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டு போய்விடும். வேடிக்கை பார்க்கப் போங்கள், ஸ்கீயோடு போகாதீர்கள். மேலே பாதை செதுக்கிய சரிவு குறைவு, பனி மொத்தமாகச் சரிந்து விழும் அபாயம் நிஜம். கீழே இருக்கும் தட்டையான மேடுகளே முதல் ஐந்து நாளுக்குத் தாராளம்.

உங்களுக்குக் கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை, பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். கிளம்பும் முன் மேலே ஒரு பார்வை பாருங்கள். நடுப்பாதையில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

அப்புறம், அல்வா கொண்டு போகிறவர்கள் கவனத்துக்கு: நெய் உறைந்து பையிலேயே செங்கல்லாகிவிட்டது. ஹோட்டல் அறையின் ஹீட்டர் பக்கத்தில் வைத்து, ஸ்பூனால் கொத்தி, பயிற்சியாளருக்கும் கொடுத்துத் தின்றோம். அவர் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

அண்ணாச்சிக்கு நிறுத்துகிற வித்தையைத் தேரியில் செய்து காட்டினேன். பெருமூச்சு விட்டார். "டிக்கெட் எப்பம் திறக்கும்?" என்றார்.