கல்லா கணக்கு இரவே ஒத்துவர

வியாபாரம் நன்றாக நடந்தும், ஊழியர்களுக்கான மத்திய சேம நிதி (சிபிஎஃப்) கட்டும் நேரத்தில் எங்கள் சிங்கப்பூர் மளிகைக் கடையில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஓட்டை கல்லாவில்தான். டாக்சிக்கு, வீட்டு மீனுக்கு என்று முதலாளியின் கையே உள்ளே போய்வந்தது.

இப்போது காலையில் கல்லாவில் 200 வெள்ளிதான்: பத்து வெள்ளி 8, ஐந்து வெள்ளி 12, இரண்டு வெள்ளி 20, மீதி 20 வெள்ளிக்கு நாணயம். எடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் துண்டுச்சீட்டு. முதலாளி எடுத்தாலும் சீட்டு உண்டு. இதில் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் வீண்.

இரவில் எண்ணிய ரொக்கத்தோடு சீட்டுத் தொகையைக் கூட்டி, 200ஐக் கழியுங்கள். மொத்த விற்பனையில் பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்றம்), நெட்ஸ் (மின்கட்டணம்) போக மிஞ்சும் தொகை அதுவாக இருக்க வேண்டும். ரொக்கத்தை 5 காசுக்கு முழுமைப்படுத்துவதால் சில காசு பிசகும், அதை விடுங்கள். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் 54ஐ 45 என்று எழுதியிருக்கலாம். வித்தியாசம் ஒரு பில் தொகைக்குச் சரியாக இருந்தால் பேநவ் வரவைப் பாருங்கள். வாடிக்கையாளர் காட்டும் திரை போதாது, வங்கிச் செய்தி வந்திருக்க வேண்டும்.

முதலாளிக்கு மாதம் ஒருமுறை, ஒரே தொகை. சேம நிதிப் பணம் திங்கட்கிழமைதோறும் தனிக் கணக்குக்குப் போகும். கட்டுவது அடுத்த மாதம் 14ஆம் தேதி தாண்டினால் மாதம் 1.5% வட்டி.

ரசீதுகளை அன்றிரவே படம் எடுங்கள். கணக்கை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ரசீது அச்சாகும் வெப்பத்தாள் அதற்குள் வெளுத்துவிடும்.