நீர்த்தாங்கி நிரம்பியதும் திரையில் காட்டுவோம்: ராஸ்பெரி பையில் முதல் வேலை

கிணறு, மோட்டர், மேலே ஒரு தாங்கி. கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு என்று வன்னியில் எங்கே போனாலும் இந்த மூன்றும் உள்ள வீடுகளைக் காணலாம். மோட்டரைப் போட்டுவிட்டு வேறு வேலையில் இறங்கினால் தாங்கி நிரம்பி வழியும். கிணறு வற்றுகிற ஆடி, ஆவணியில் அப்படி ஓடுகிற தண்ணீர் பெரிய நட்டம். அதனால் ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியைப் பழகத் தொடங்கும்போது, சும்மா மின்னும் விளக்கோடு நிற்காமல், வீட்டுக்கு உதவும் ஒன்றையே முதல் வேலையாகச் செய்வோம்.

தேவையானவை: ராஸ்பெரி பை 4, அதற்குரிய 5 வோல்ட் 3 அம்பியர் பவர் சப்ளை, 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட மைக்ரோ எஸ்டி அட்டை, பிரெட்போர்ட் (பற்றவைக்காமல் வயர்களைச் செருகும் துளைப் பலகை), ஜம்பர் வயர்கள், ஒரு சிவப்பு எல்ஈடி, 330 ஓம் தடையி ஒன்று, தண்ணீர் மட்டத்தோடு மிதவை ஏறி இறங்க மூடித் திறக்கும் இரண்டு வயர் உள்ள மிதவை சுவிட்ச். திரைக்கு எச்டிஎம்ஐ உள்ள டிவி போதும்.

முதல் படி, அட்டையைத் தயார் செய்வது. வேறொரு கணினியில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, டெஸ்க்டாப் உள்ள ராஸ்பெரி பை ஓஎஸ்ஸை அட்டையில் எழுதுங்கள். அட்டையில் இருக்கும் பழைய படங்கள் எல்லாம் அழிந்துவிடும், முதலே எடுத்து வையுங்கள். பை இயங்கத் தொடங்கியதும் மெனுவில் புரோகிராமிங் பகுதியில், கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் 3 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வயரிங். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பையை அணைத்து, பவரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பலகையில் 40 பின்கள் இரண்டு வரிசையாக இருக்கும். எஸ்டி அட்டை இருக்கும் பக்கத்து முனையிலிருந்து எண்ணுங்கள்: உள் வரிசை 1, 3, 5 என்றும், பலகை ஓரத்து வரிசை 2, 4, 6 என்றும் போகும். ஆனால் நிரலில் எழுதுவது இந்த எண் அல்ல, ஜிபிஐஓ எண், அதாவது சைகை அனுப்பவும் வாங்கவும் பயன்படும் பின்களுக்கு உள்ள தனி எண். 11ஆம் பின்னின் பெயர் ஜிபிஐஓ 17. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், ஆகவே இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

எல்ஈடியின் நீளக் காலைத் தடையி வழியாக 11ஆம் பின்னுக்கும், குட்டைக் காலை 9ஆம் பின்னுக்கும் கொடுங்கள். 9 கிரவுண்ட், அதாவது மின்சுற்றின் 0 வோல்ட் முனை. மிதவை சுவிட்சின் ஒரு வயர் 13ஆம் பின்னுக்கு, அதாவது ஜிபிஐஓ 27க்கு. மற்ற வயர் அதற்கு நேர் எதிரே உள்ள 14ஆம் பின்னுக்கு, அதுவும் கிரவுண்ட்தான். ஜிபிஐஓ பின்கள் தாங்குவது 3.3 வோல்ட் மட்டுமே. 2ஆம், 4ஆம் பின்களில் 5 வோல்ட் வருகிறது. அதை ஜிபிஐஓவில் தொட்டால் பையே பழுதாகலாம்.

சரி, இனி ஸ்க்ராட்ச். இடது கீழ் மூலையில் உள்ள பொத்தானை அழுத்தி, ராஸ்பெரி பை ஜிபிஐஓ நீட்சியைச் சேருங்கள். பச்சைக் கொடிக் கட்டத்தின் கீழ், 17ஐ ஹை (3.3 வோல்ட்) ஆக்கு, ஒரு விநாடி பொறு, லோ (0 வோல்ட்) ஆக்கு, ஒரு விநாடி பொறு என்று, திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார்எவர் கட்டத்துக்குள் அடுக்குங்கள். எல்ஈடி மின்னினால் வயரிங் சரி. மின்னாவிட்டால் எல்ஈடியின் கால்களை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் திரைக்கு வருவோம். ஒரு உருவத்துக்கு இரண்டு காஸ்டியூம், அதாவது தோற்றங்கள், வரையுங்கள்: குறைந்த தாங்கி, நிறைந்த தாங்கி. பழைய அடுக்கைக் கழற்றிவிட்டு, கொடி அழுத்தியதும் ஜிபிஐஓ 27ஐ உள்ளீடாக்கி அதன் இழுப்பை (புல்) மேல்நிலையில் (ஹை) வையுங்கள். இப்படிச் செய்தால் சுவிட்ச் திறந்திருக்கும்போது பின் ஹை, மூடியதும் லோ. ஃபார்எவருக்குள் ஒரு இஃப் எல்ஸ் போடுங்கள்: 27 லோ என்றால் நிறைந்த படம், எல்ஈடி எரியட்டும். இல்லாவிட்டால் குறைந்த படம், எல்ஈடி அணையட்டும். மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள். திரை எதிர்மாறாகக் காட்டினால், தண்டில் ஏறி இறங்கும் வகை மிதவையைக் கழற்றித் தலைகீழாகப் போட்டாலே சரியாகிவிடும்.

தாங்கிக்குள் வைத்தபின் தண்ணீர் அலைய, படம் மாறி மாறித் துடிக்கும். 27 லோ ஆனதும் மூன்று விநாடி பொறுத்து, மறுபடியும் லோவா என்று பார்த்த பிறகே படத்தை மாற்றுங்கள். அம்மாவின் குரலில் ‘தாங்கி நிரம்பிட்டுது’ என்று பதிந்து, எம்பி3 கோப்பாக ஸ்க்ராட்சில் சேர்த்தால் குசினியில் நிற்பவருக்கும் கேட்கும்.

தாங்கியிலிருந்து வீட்டுக்குள் வரும் வயர் நீளமாக இருந்தால், ஜிபிஐஓ 27க்கும் 3.3 வோல்ட் தரும் 1ஆம் பின்னுக்கும் இடையே 10 கிலோ ஓம் தடையி ஒன்று போடுங்கள், பொய்ச் சைகைகள் குறையும். இடி மின்னல் தொடங்க முதலே அந்த வயரைப் பையிலிருந்து கழற்றிவிடுங்கள். வேலை முடிந்தால் மெனுவில் ஷட்டவுன் கொடுத்த பிறகே பவரை நிறுத்துங்கள், திடீரென்று கரண்ட் போனால் அட்டையில் உள்ளவை கெட வாய்ப்பு உண்டு. மோட்டரைத் தானாக நிறுத்தும் ஆசை அடுத்து வரும். அதில் 230 வோல்ட் ஓடுகிறது. அந்தப் பகுதியை மின்வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.