கீழ் ‘பி’ மட்டும் குளறியது

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தம்பிக்கு ஜாஸ் பழக்குகிறேன். போன வாரம் என் ஆல்ட்டோ சாக்ஸபோனில் கீழ் ‘பி’யும் ‘பி ஃப்ளாட்’டும் தொண்டையில் தண்ணீர் நிற்பது போலக் குளறின. பாலட் என்ற மெதுவான பாட்டின் கடைசி ஸ்வரத்தை மெதுவாக ஊதினால் சத்தம் மேல் ஸ்தாயிக்குத் தாவியது.

கடற்காற்றின் ஈரம் என்று மூன்று ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) மாற்றினேன். தம்பியின் மவுத்பீஸும் (வாயில் வைத்து ஊதும் பகுதி) போட்டுப் பார்த்தேன். ஒருவர் சொன்னதைக் கேட்டுக் கீழே துளைகளை மூடும் பெரிய பேட்களை (மெத்தைகளை) மாற்ற நான்கு நாள் போனது. அதே குளறல்.

அப்புறம்தான் கவனித்தேன்: கீழ் ‘சி’ சுத்தமாக வந்தது. இடது சுண்டுவிரல் இறங்கினால்தான் கோளாறு. அந்த விரல் அழுத்தும் கீழ்ச் சாவிகள் ‘ஜி ஷார்ப்’ சாவியையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். வலது கை அழுத்தும்போது அதன் மேல் வரும் சின்ன ஸ்க்ரூதான் அதை மூடிவைக்கும்; அது தளர்ந்தால் அங்கே காற்று கசியும். தம்பியை அந்த ‘ஜி ஷார்ப்’ மூடியை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஊதினேன். ‘பி ஃப்ளாட்’ கணீரென்று வந்தது!

ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினேன். கூட இறுக்கினால் வலது கைப் பேட்கள் சரியாக மூடாது. ஆகவே ‘ஜி ஷார்ப்’ பேடுக்கும் ‘எஃப் ஷார்ப்’ பேடுக்கும் அடியில் மெல்லிய தாளை வைத்து இழுத்து, இரண்டும் அதை ஒரே அளவு பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சரி, பெரிய நிம்மதி.